சிறுநீரகத்தின் மேல் ஒரு சிறு சுரப்பி

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பிளவக்கல் அணை நீரை நம்பி வாழும் கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பகுதிகளில், நாற்று நட்டும் களையெடுத்தும் முழங்கால் தேய்ந்த தாய்மார்கள் பலர். மூட்டு வலித்தால் மருந்துக்கடையில் "வலிக்கு இரண்டு வேளை மாத்திரை கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி விழுங்குவது நம் சிற்றூர்களில் நெடுநாளைய வழக்கம். காகிதத்தில் மடித்துத் தரப்படும் அவற்றுள் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்திருப்பதுண்டு. உண்டவருக்கு விரைவிலேயே வலி தணியும்; பசி எடுக்கும்; நாளடைவில் முகம் உப்பும். "சதை போட்டிருக்கிறாயே!" என்று அக்கம்பக்கத்தார் மகிழ்வதும் உண்டு. அச்சதை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அட்ரீனல் என்னும் சுரப்பியைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் குல்லாய் கவிழ்த்தாற்போல் ஒன்றாக, இரண்டு அட்ரீனல்கள் உள்ளன. ஒன்றின் எடை ஏறக்குறைய 5 கிராமே. அதன் உட்பகுதி சுரப்பது அட்ரினலின். வெறிநாய் துரத்தும்போது நெஞ்சைப் படபடக்கச் செய்து கால்களுக்கு வேகம் தருவது அதுவே. வெளிப்பட்டை சுரப்பவற்றுள் ஆல்டோஸ்டிரோன், உடலிலுள்ள உப்பு வீணாகாமல் காக்கிறது. கார்ட்டிசால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கிறது. காய்ச்சல், அறுவை முதலிய நெருக்கடிகளில் பன்மடங்கு சுரந்து உயிரைக் காக்கிறது.

இப்பட்டை அழிந்தால் நேரும் துன்பத்தை 1855-இல் விவரித்தவர் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன். தீராத சோர்வு, உடல் மெலிவு, வாந்தி, உப்பின் மேல் அடங்கா ஆசை. உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுத்துப்போதல் ஆகியவை அதன் அடையாளங்கள். நம் நாட்டில் இதற்குக் காசநோய் இன்றும் ஒரு முக்கியக் காரணம். கறுத்த நிறத்தவராகிய நம்மிடையே மேனியின் கறுப்பை வெயிலின் மேல் ஏற்றிவிடுவது எளிது. ஆகவே வாயினுள் பார்ப்பது நன்று. அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடிக்கு இந்நோய் இருப்பது 1947-இல் லண்டனில் கண்டறியப்பட்டது. தாயகம் திரும்பிய பயணத்தின்போது அவஸ்தைப் பூசுதல் பெறுமளவுக்கு நலிந்திருந்த அவர், குறைந்த சுரப்புக்கு ஈடாக ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டே பிற்காலத்தில் நாடாண்டார்.

1948-இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹெஞ்ச், மூட்டுவாதத்தால் முடங்கிய பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசியிட்டார். சில நாட்களில் அவர் நடக்கலானார். 1950-இல் ஹெஞ்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கோவிட் பெருந்தொற்றிலும் டெக்சாமெத்தசோன் பல உயிர்களைக் காத்தது. ஆனால் 2021-இல் அளவின்றிக் கொடுக்கப்பட்ட இடங்களில், சர்க்கரை மிகுந்தவர்களைக் கறுப்புப் பூஞ்சை தாக்கவும் அது வழிவகுத்தது.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு நாள்தோறும் வந்துகொண்டிருந்தால், 'இனி நமக்கு வேலையில்லை' என்று மூளையடிச் சுரப்பி கட்டளை அனுப்புவதை நிறுத்துகிறது. அட்ரீனல் சுருங்கி உறங்கிவிடுகிறது. எலும்பு மெலிகிறது, தோல் நலிகிறது, சர்க்கரையும் அழுத்தமும் ஏறுகின்றன. இதையறிந்து அஞ்சி ஒரே நாளில் மாத்திரையை எறிந்துவிடுவதோ அதனினும் கொடிது! உறங்கிய சுரப்பி உடனே விழிக்காது. சில வேளை பல மாதங்கள் ஆகும். அதற்குள் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுவர்.

மூன்று வாரங்களுக்கு மேல் இம்மருந்தை உண்டவர், மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே அளவைக் குறைக்க வேண்டும். பெயர் தெரியாத மாத்திரையை நெடுநாள் உண்டவர் அதன் அட்டையையோ எஞ்சிய மாத்திரையையோ வத்திராயிருப்பு, திருவில்லிப்புத்தூர் அரசு மருத்துவமனைக்கு எடுத்துச்சென்று காட்டட்டும். ஸ்டீராய்டு உண்பவர் என்று எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ எப்போதும் இருக்கட்டும்; மயங்கிக் கிடப்பவரால் வாய்திறந்து சொல்ல இயலாதன்றோ! அச்சீட்டைக் கண்ட மருத்துவர் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியை உடனே எடுப்பார்.