டெல்லிகிட்ட கேக்கறோம், ஊராட்சிக்குக் கொடுக்கறோமா?

உங்க ஊர் ரோட்டுல பெரிய பள்ளம். யார்கிட்ட போய்க் கேப்பீங்க? நேஷனல் ஹைவேஸ்னா ஒன்றிய அரசு. ஸ்டேட் ஹைவேஸ்னா மாநில நெடுஞ்சாலைத் துறை. தெருவுக்குள்ள போற ரோடுன்னா ஊராட்சித் தலைவர். ஒரே ஊர்ல மூணு அரசாங்கம். யார் கையில என்ன இருக்கு?

முதல்ல டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த பாகப்பிரிவினை. அரசியல் சட்டத்தோட 7வது அட்டவணையில மூணு பட்டியல் இருக்கு. ராணுவம், ரயில்வே, வெளியுறவு டெல்லிக்கு. போலீஸ், விவசாயம், பொது சுகாதாரம் மாநிலத்துக்கு. மூணாவது, பொதுப்பட்டியல். ரெண்டு பேரும் சட்டம் போடலாம். முட்டிக்கிச்சுன்னா பெரும்பாலும் டெல்லி சட்டம்தான் நிக்கும். கல்வி முன்னாடி மாநிலப் பட்டியல்லதான் இருந்துச்சு. எமர்ஜென்சி நேரத்துல, 1976-ல வந்த 42வது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்குத் தள்ளிடுச்சு.

பணத்துலயும் இதே கதை. வரி வருவாய்ல மாநிலங்களுக்கு 41 சதவீதம்னு 15வது நிதி ஆணையம் சொல்லுச்சு. ஆனா செஸ், சர்சார்ஜ்னு வசூலிக்கற பணம் அந்தப் பங்கீட்டுலயே வராது.

தமிழ்நாடு இதைச் சும்மா விடல. டெல்லிக்கும் மாநிலங்களுக்கும் உள்ள உறவை ஆராய 1969-ல கருணாநிதி அரசு ராஜமன்னார் குழு போட்டுச்சு. அதே வேலைக்கு 2025-ல ஸ்டாலின் அரசு குரியன் ஜோசப் குழு. மாநிலத்துக்கு அதிகாரம் வேணும்ங்கறது நியாயமான கோரிக்கைதான். எனக்கு அதுல ரெண்டாவது கருத்து இல்ல.

இப்ப அதே கேள்வியை அப்படியே கீழ திருப்புவோம்.

1993 ஏப்ரல் 24-ல 73வது திருத்தம் அமலுக்கு வந்துச்சு. குடிநீர், ஆரம்பக் கல்வி, சின்ன நீர்ப்பாசனம்னு 29 துறைகளை 11வது அட்டவணையில போட்டு, ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம்னு சொன்னாங்க. எவ்வளவு கொடுக்கறதுங்கறது மாநிலத்தோட இஷ்டம். எல்லாமே இந்த இடத்துலதான் மாட்டிக்கிச்சு.

கேரளா 1996-ல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு, திட்ட நிதியில 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிக்கு ஒதுக்குச்சு. ஆரம்ப சுகாதார நிலையங்களும் அவங்க பொறுப்புக்குப் போச்சு. நம்ம ஊர்ல? ஊராட்சித் தலைவர் வீட்டு வரி வசூலிப்பார், தெருவிளக்கு, குடிநீர் பாப்பார். பெரிய வேலைன்னா வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) ஆபீஸுக்கு நடக்கணும். நம்ம 1994 ஊராட்சிகள் சட்டத்தோட 205வது பிரிவுப்படி, மக்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரை மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு, விசாரிச்சுப் பதவி நீக்கம் பண்ணலாம். ஒரு மாநில முதல்வரை டெல்லி அதிகாரி ஒருத்தர் இப்படி நீக்க முடியும்னா நாம ஒத்துக்குவோமா?

1976 ஜனவரி 31-ல டெல்லி தி.மு.க. ஆட்சியைக் கலைச்சதை இன்னிக்கும் மேடையில பேசறோம். ஆனா 2016 அக்டோபர்ல இருந்து மூணு வருஷத்துக்கு மேல தமிழ்நாட்டுல பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான ஊராட்சிகள்ல தேர்ந்தெடுத்த தலைவரே இல்ல. அரசு போட்ட தனி அலுவலர்கள்தான் நடத்துனாங்க. அப்ப இருந்தது அ.தி.மு.க. ஆட்சி. 2025 ஜனவரியில, தி.மு.க. ஆட்சியில, 28 மாவட்டத்துல ஊராட்சிகளோட பதவிக்காலம் முடிஞ்சப்பவும் தேர்தல் வரல, தனி அலுவலர்தான் வந்தாங்க. ரெண்டு கட்சியும் டெல்லிகிட்ட மாநில உரிமை கேக்கற கட்சிங்கதான்.