கணினியியற் கல்வியும் பல்கலைக்கழகத் தெரிவும்

ஆசிரியன் மாணாக்கனது கொள்ளுந் திறனை அறிந்து அதற்கேற்பக் கற்பித்தல் வேண்டுமென்பது நன்னூலார் கருத்து. அன்னம், பசு, மண், கிளி என மாணாக்கரை அவர் உவமை வாயிலாக வகுத்தமையும் இதனோடு இயைவதே. அக்காலத்தில் மாணாக்கனது இயல்பை ஆராயும் பொறுப்பு ஆசிரியரைச் சார்ந்திருந்தது. இக்காலத்திலோ அப்பொறுப்பு மாணாக்கர் கைக்கு மாறியுள்ளது. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் தம் விருப்பத்தின்படி தாமே வரிசைப்படுத்தல் வேண்டும். கணினியியலை நாடுவோர் பலராதலின், அவ்வரிசையை எவ்வாறு அமைத்தல் தகுமென ஆராய்வது பயனுடைத்து.

பல இல்லங்களில் இவ்வரிசை கடந்த ஆண்டின் வெட்டுப்புள்ளியை நோக்கியே எழுதப்படுகின்றது. சிலர் உயர்ந்த வெட்டுப்புள்ளியுடையதே உயர்ந்த கல்வி எனக் கருதி அதனை முதலில் எழுதுவர். வேறு சிலர், கிடையாததை முதலில் எழுதினாற் கிடைப்பதும் நழுவுமென அஞ்சித் தம் உள்ளம் விரும்பியதைக் கீழே தள்ளுவர். முன்னையது பெருமை பற்றிய பிழை. பின்னையது அச்சம் பற்றிய பிழை.

அச்சம் ஆதாரமற்றது என்பதைத் தெரிவுமுறையே காட்டும். 2001 ஆம் ஆண்டிற் புகுத்தப்பட்ட இசட் புள்ளியே தெரிவுக்கு அடிப்படை. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வி வசதி குன்றிய மாவட்டங்களுக்கும் உரியன. எப்பங்கின்கீழ் ஆராயப்படினும், ஒருவர் எழுதிய வரிசையில் அவரது புள்ளி எட்டத்தக்க மேலான இடமே அவருக்கு வழங்கப்படும். முதல் விருப்பம் கிட்டாதவர் இரண்டாம் விருப்பத்துக்கு ஆராயப்படும்போது, அதனை முதலில் எழுதியோரிலும் அவர் பின்தள்ளப்படுவதில்லை. அங்கும் புள்ளியே தீர்ப்பளிக்கும். மாறாக, கொழும்பை விரும்பியவர் அச்சத்தால் யாழ்ப்பாணத்தை முதலில் எழுதி, இரண்டிற்கும் போதிய புள்ளி பெற்றிருப்பின், யாழ்ப்பாணமே அவருக்குக் கிடைக்கும். உண்மையான விருப்பத்தை உண்மையான வரிசையில் எழுதுவதால் இழப்பு யாதுமில்லை.

அங்ஙனமாயின், உண்மையான விருப்பத்தை அறிவது எவ்வாறு? கணினியியல் என்பது கணினியை இயக்கும் பழக்கமன்று. அதன் வேர் கணிதத்திலும் தருக்கத்திலும் உள்ளது. ஆங்கிலக் கணித அறிஞர் அலன் டியூரிங் 1936 இல் அதன் அடிப்படைக் கொள்கையை வகுத்தபோது, இன்று நாம் காணும் இலத்திரனியற் கணினி தோன்றியிருக்கவில்லை. எனவே, இணைந்த கணிதத்தில் நிறுவல்களை விரும்பிச் செய்பவர்க்குக் கணினி விஞ்ஞானம் பொருந்தும். பலர் கூடிப் பெரிய செய்ந்நிரல்களைப் பிழையின்றி அமைத்துப் பேணும் தொழிலை விழைபவர்க்கு மென்பொருட் பொறியியல் ஏற்றது. நிறுவனங்களின் நடைமுறையை ஆராய்ந்து அதற்கேற்ற முறைமைகளை வகுக்க விரும்புவோர்க்குத் தகவல் முறைமைகள் உரியது. மின்சுற்றையும் கருவியையும் கையாள்வதில் மகிழ்பவர் கணினிப் பொறியியலை நாடலாம்.

இவை யாவும் ஓரிடத்தில் ஒரேவகையாய்க் கற்பிக்கப்படுவனவல்ல. 2002 இல் நிறுவப்பெற்ற கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி முன்கூறிய முதல் மூன்றிலும் பட்டம் வழங்குகின்றது. மொறட்டுவையிற் கணினி விஞ்ஞான, பொறியியற் றுறை 1985 இலும், தகவல் தொழினுட்ப பீடம் 2001 இலும் தோன்றின. பேராதனையிற் கணினிப் பொறியியலை விரும்புவோர் முதலாண்டிற் பொதுப் பொறியியலைக் கற்று, அப்பெறுபேற்றின் வழியே துறையை அடைவர். பௌதிகவியலில் ஆர்வமற்றவர்க்கு இவ்வழி சுமையாகும். தம் மனம் இன்னும் துணியாதவர்க்கோ அதுவே நன்மையாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்துக் கணினி விஞ்ஞானத் துறை 1991 முதல் இயங்குகின்றது. கிளிநொச்சியிலுள்ள பொறியியற் பீடம் கணினிப் பொறியியலைக் கற்பிக்கின்றது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும், 2021 இற் றனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவும் இத்துறை சார்ந்த கற்கைநெறிகளை உடையன.

பாடத்தோடு வாழ்வும் எண்ணத்தக்கது. தமிழிற் கற்றுத் தேறியவர் பல்கலைக்கழகத்தில் இத்துறையை ஆங்கிலத்திற் கற்றல் வேண்டும். சிலர் புதிய நகரத்தில், பிறமொழி மாணாக்கரிடையே விரைந்து வளர்வர். சிலர் வீட்டுக்கு அண்மையில், சிறிய வகுப்பில், ஆசிரியரை அணுகிக் கேட்கும் வாய்ப்பிருந்தாலன்றி மலரார். குடும்பத்தின் பொருள்நிலையும், தலைநகரிற் றங்கும் செலவும், தொழிற்பயிற்சிக்குரிய நிறுவனங்களின் அண்மையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்கத்தக்கன. இவற்றை ஆராய்ந்து அண்மையிலுள்ள கழகத்தை முதலில் எழுதுபவர் தாழ்ந்தவரல்லர். அவரே தம்மை அறிந்தவர்.

அனுமதி கிட்டாதோர்க்கும் வழி அடைபட்டிலது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம், தாமே கற்கும் உறுதியுடையோர்க்குப் பயன்படுகின்றது. எனினும் வகுப்பின் கட்டுப்பாடின்றிக் கற்க இயலாதவர் அதன் கடுமையை முன்னரே எண்ணுதல் நன்று.

விண்ணப்பத்தாளில் எழுதும் சில வரிகள் ஓர் இளைஞரின் நான்காண்டு வாழ்வைத் தீர்மானிக்கின்றன. அவ்வரிகளை அயலார் வியப்புக்காகவோ அச்சத்துக்காகவோ எழுதுவது அவருக்கு அவரே செய்யும் தீங்கு. நன்னூலார் ஆசிரியர்க்கு விதித்த கடமையும் இங்கு ஓய்ந்துவிடவில்லை. ஆறாந் தரம் முதல் ஒரு மாணாக்கரின் விருப்பையும் வெறுப்பையும் கண்டுணர்ந்த பாடசாலை ஆசிரியரே வெட்டுப்புள்ளிப் பட்டியலிலும் சிறந்த வழிகாட்டியாவார். தாளை நிரப்புமுன் மாணாக்கர் அவரை நாடிச் செல்லல் வேண்டும். அவரும் பெற்றோர் முகம் நோக்காது உண்மையை எடுத்துரைத்தல் வேண்டும்.