‘நம்பினர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: ஒரு கருத்துணர்தல் பயிற்சி

பேய், பிசாசு பற்றிய பனுவல் வந்தால் மாணவர்கள் ஆர்வமாகப் படிப்பார்கள். விடையில் மட்டும் புள்ளி போய்விடும். ஊராரின் நம்பிக்கையை உண்மை போல எழுதுவார்கள். இல்லையென்றால், “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டுமே விடையாகாது.

பனுவல்

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் உள்ள எக்சிட்டர் என்ற சிற்றூரில், ஜார்ஜ் பிரவுன் என்பவரின் மனைவியும் ஒரு மகளும் காசநோயால் இறந்தனர். சில ஆண்டுகள் கழித்து, 1892 ஜனவரியில், 19 வயது மகள் மெர்சியும் அதே நோயால் இறந்தாள். மகன் எட்வினும் நோயுற்றிருந்தான். இறந்தவருள் ஒருவர் இரத்தக் காட்டேரியாகி அவன் உயிரை உறிஞ்சுவதாக ஊரார் நம்பினர். மார்ச் மாதம் மூன்று உடல்களையும் பார்த்தனர். தாய், அக்காள் உடல்கள் சிதைந்திருந்தன. குளிர்காலத்தில் மண்ணில் புதைக்காமல் கல்லறை அறையில் வைத்திருந்த மெர்சியின் உடல் கெடவில்லை. அவள் இதயத்தை எரித்து, சாம்பலை நீரில் கலந்து எட்வினுக்குக் கொடுத்தனர். இரண்டு மாதத்திற்குள் அவனும் இறந்தான்.

கேள்வி: மெர்சியைப் பற்றி ஊரார் கொண்ட முடிவு சரியா? பனுவலின் துணைகொண்டு விளக்குக. [4 புள்ளி]

படி 1: யார் சொன்னது?
‘உறிஞ்சினாள்’ என்றால் ஆசிரியரே சொல்கிறார். ‘உறிஞ்சினாளாம்’ என்றால் கேள்விப்பட்ட செய்தி. ‘உறிஞ்சுவதாக நம்பினர்’ என்றால் அது ஊராரின் கருத்து. இச்சொற்களுக்குக் கோடிடச் சொல்லுங்கள்.

படி 2: என்ன வேறுபாடு?
மற்ற இருவரும் இறந்து பல ஆண்டுகள். மெர்சி இறந்து இரண்டே மாதம், அதுவும் குளிர்காலம். குளிரில் உடல் மெதுவாகத்தான் கெடும்.

படி 3: முடிவைச் சோதியுங்கள்
ஊரார் நினைத்தது சரியென்றால் எட்வின் பிழைத்திருக்க வேண்டும். பிழைக்கவில்லையே!

மாதிரி விடை
ஊராரின் முடிவு சரியன்று. மெர்சி இறந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது; உடலும் குளிரில் இருந்தது. அதனால்தான் கெடவில்லை. மேலும், சாம்பலைக் குடித்தும் எட்வின் இறந்ததால், அவன் நோய்க்கு மெர்சி காரணமல்ல என்பது தெளிவு.

உயர்நிலைச் சிந்தனைக்கு
“டீச்சர், அவங்க ஏன் அப்படி நம்பினாங்க?” என்று யாராவது கேட்டால் விட்டுவிடாதீர்கள். காசநோய் ஒரே வீட்டில் ஒருவர்பின் ஒருவராகத் தொற்றும். நோயாளி மெலிந்து, வெளிறி, இரத்தம் இருமுவார். பார்ப்பவருக்கு யாரோ உறிஞ்சுவது போலவே தோன்றும். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இலேயே அறிவித்துவிட்டார். ஆனால், நோயைக் குணப்படுத்தும் மருந்து 1940-களில்தான் வந்தது. கைவிடப்பட்ட குடும்பம் எதையாவது செய்து பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்தது. இதை உணர்ந்த மாணவர் ‘முட்டாள்கள்’ என்று எழுத மாட்டார்.

அடுத்த பயிற்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண் பொந்தியானாக் ஆவாள் என்பது மலாய் மக்களிடையே வழங்கும் நம்பிக்கை. அது எந்த அச்சத்திலிருந்து பிறந்திருக்கும்? மாணவர்களைச் சிந்திக்க விடுங்கள்.