கதவைத் திறந்தால் ஒரே ஆவி!

ஹாங்காங்கில் டிம் சம் பலகாரம் சாப்பிடப் போகிறவர்கள் ஜன்னலோரம் இடம் கிடைக்குமா என்று பார்ப்பார்கள். நான் கேட்பது சமையற்கட்டுக் கதவை ஒட்டிய மேஜை! கதவு திறக்கும்போதெல்லாம் ஆவி குபுகுபுவென்று வெளியே பாயும். அதன் பின்னாலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூங்கில் கூடைகளோடு யாராவது ஓடிவருவார்கள். அந்த ஒரு நொடியில் உள்ளே எட்டிப் பார்த்தே கழுத்து வலித்துப்போன எனக்கு, ஷாம் ஷுய் போவில் ஒரு சின்னக் கடையில் “உள்ளேயே வந்து பாருங்களேன்” என்று அழைப்பு வந்தால் எப்படி இருக்கும்! பையைக்கூட நாற்காலியிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

ஷாம் ஷுய் போ, கௌலூனில் உழைப்பாளி மக்கள் நெருக்கியடித்து வாழும் பகுதி. கடையும் அதற்கேற்ற மாதிரிதான். மேஜை விரிப்பு இல்லை, அலங்கார விளக்கு இல்லை. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே வட்ட மேஜையில் உட்கார வேண்டும். சீட்டில் வேண்டியதற்கு டிக் போட்டுக் கொடுத்தால் போதும். தள்ளுவண்டியில் பலகாரம் மேஜை மேஜையாக வரும் வழக்கம், சிட்டி ஹாலில் இருக்கும் மாக்ஸிம்ஸ் பேலஸ் போன்ற சில இடங்களில்தான் இன்னும் மிச்சம். வண்டி பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனாலும் சீட்டுக்கே என் ஓட்டு. கேட்ட பிறகு அடுப்பில் ஏறுவதால் கைபொறுக்காத சூட்டில் வந்து சேர்கிறது.

சரி, உள்ளே வாருங்கள். முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடி போட்டவர்கள் பாடு திண்டாட்டம். ஆவி கொஞ்சம் விலகியதும் தெரிகிறது, எத்தனை சின்ன இடம்! ஒரு பக்கம் மாவுப் பலகை, ஒரு பக்கம் பூரணம் கலக்கும் இடம், மூலையில் எண்ணெய்ச் சட்டி, நடுவில் ஆவி அடுப்பு. இங்கே வேலை தொடங்குவது ஊர் உறங்கும்போது. கென்னடி டவுனில் சன் ஹிங் என்ற கடை அதிகாலை 3 மணிக்கே திறந்துவிடும். அப்படியென்றால் அங்கே மாவு பிசைகிறவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்!

நான் போய் ஒட்டிக்கொண்டது மாவுப் பலகைக்காரரிடம். எல்லோரும் அவரை ‘சிஃபு’, அதாவது ஆசான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கையில் உருவாகிக்கொண்டிருந்தது ஹா காவ், அதாவது இறால் பொதிந்த டிம் சம். நம் கொழுக்கட்டைக்குச் செய்வதுபோலவே கொதிக்கிற தண்ணீரை ஊற்றித்தான் மாவைக் கிளறுகிறார்கள். ஆனால் இது அரிசி மாவு இல்லை. கோதுமையில் புரதத்தைக் கழுவி எடுத்துவிட்ட பிறகு மிஞ்சும் வெறும் மாவுச்சத்து. புரதம் போய்விட்டதால்தான் வெந்ததும் தோலுக்குள்ளிருக்கும் இறாலின் சிவப்பு வெளியே தெரிகிறது. கூடச் சேர்க்கும் மரவள்ளி மாவு, பல்லில் லேசாக இழுபடும் தன்மையைத் தருகிறது.

இனிமேல்தான் வித்தை. சிஃபுவிடம் அகலமான கத்தி ஒன்று இருக்கிறது. வெட்டுவதற்கு அல்ல, அதற்குக் கூரே கிடையாது. எண்ணெய்த் துணியில் கத்தியின் பக்கவாட்டை ஒரு இழுப்பு இழுக்கிறார். நெல்லிக்காய் அளவு மாவு உருண்டையின் மேல் படுக்கவைத்து, உள்ளங்கையால் அழுத்தி, மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றுகிறார். அவ்வளவுதான், மெல்லிய வட்டத் தோல் தயார்! கத்தி நுனியாலேயே அதை வழித்து எடுத்து இடது கையில் வைத்து, பூரணத்தை நடுவில் வைத்து, ஓரத்தைச் சின்னச் சின்ன மடிப்பாக மடித்துக்கொண்டே போகிறார். 7 மடிப்புக்குக் குறைந்தால் ஹா காவுக்கு மரியாதை இல்லை. தேர்ந்த கை 10, 13 என்று போகும். நான் எண்ண ஆரம்பித்தபோது அவர் அடுத்ததை முடித்திருந்தார். பின்னால் நின்று கைதட்டிவிட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஆனால் சிரித்தார்!

இறாலுக்கும் ஒரு சடங்கு உண்டு. உப்பும் மாவும் போட்டுப் பிசறி, குளிர்ந்த தண்ணீரில் விடாமல் அலசி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்து, ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். கடிக்கும்போது ‘நறுக்’கென்று இருப்பது இதனால்தான். பொடியாக நறுக்கிய மூங்கில் குருத்தும் பன்றிக் கொழுப்பும் சேர்த்து, எப்போதும் ஒரே திசையில் கிளறுகிறார்கள். அப்போதுதான் பூரணம் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இத்தனை பாடும் பட்ட ஹா காவ் ஆவியில் இருப்பது நாலைந்து நிமிடம். நாம் வெளியே உட்கார்ந்து ஆவியில் வெந்த பலகாரம் என்று சொல்லிவிடுகிறோம். ஆவிக்கு வந்து சேரும்போது முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது!

சியூ மாய், மஞ்சள் தோலில் பன்றி இறைச்சியும் இறாலும் பொதிந்து மேலே திறந்தே வைப்பது. அது ஒரு பெண்மணியின் கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு திருகில் முடிந்துவிடுகிறது. கோழிக்கால் மட்டும் நிதானமானது. நகம் வெட்டி, எண்ணெயில் பொரித்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் தோல் சுருக்கம் சுருக்கமாக உப்பிக்கொள்ளும். பிறகு நட்சத்திரச் சோம்போடு வேகவைத்து, புளிக்கவைத்த கறுப்பு பீன்ஸில் புரட்டி, கடைசியாக ஆவியில். அந்தச் சுருக்கங்களுக்குள்தான் சாறெல்லாம் ஒளிந்திருக்கிறது. பொரிக்கும்போது சட்டிக்கு மூடி கட்டாயம். எண்ணெய் அப்படித் தெறிக்கிறது.

சார் சியூ பாவ் சிரிப்பது எப்படி என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். தேன் நிறத்தில் வாட்டிய பன்றி இறைச்சி பொதிந்த அந்த வெள்ளை ரொட்டி மேலே மூன்று நான்காக வெடித்திருக்குமே, யாரும் கத்தரிக்கோல் போடுவதில்லை! புளித்த மாவில் பேக்கிங் பவுடரோடு அம்மோனியம் பைகார்பனேட்டும் சேர்க்கிறார்கள். கடும் ஆவியில் வைத்ததும் உள்ளிருக்கும் வாயு ஒரே மூச்சில் மேலெழுந்து மடிப்பைப் பிளக்கிறது. கூடையைத் திறந்த கணம் மூக்கில் சுருக்கென்று ஏறிய நெடியும் அதுதான். சில நொடியில் அது பறந்துவிட, இனிப்பும் இறைச்சியுமாக மணம் வந்து நிற்கிறது.

இந்த ரொட்டியை அடுப்பில் சுட்டு, மேலே மொறுமொறு ஓடு வைத்துப் புகழ்பெற்றது டிம் ஹோ வான். ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலில், அப்போது மூன்று மிச்செலின் நட்சத்திரம் பெற்றிருந்த லுங் கிங் ஹீன் உணவகத்தில் டிம் சம் செய்துகொண்டிருந்த மாக் க்வாய் புய், 2009-ல் மாங்காக்கில் இருபது பேர் உட்காரும் கடையாக அதை ஆரம்பித்தார். அந்தச் சின்னக் கடைக்கும் மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. நட்சத்திர ஹோட்டல் கைப்பக்குவம் தெருக்கடை விலைக்கு இறங்கிவந்ததை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ரகசியங்களின் ராணியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். லாவ் சா பாவ்! பிட்டால் உள்ளேயிருந்து பொன்நிறக் குழம்பு வழியும். அவ்வளவு தண்ணியானதை மாவுக்குள் எப்படி அடைக்கிறார்கள்? ஊசியாலா? சிஃபு ஒன்றும் சொல்லாமல் ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். தட்டு நிறைய கல்போன்ற மஞ்சள் உருண்டைகள்! உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கரு, வெண்ணெய், சர்க்கரை, பால் பவுடர் எல்லாம் கலந்து உறைய வைத்திருக்கிறார்கள். கட்டியாகவே மாவில் பொதிந்து ஆவியில் ஏற்றினால், ரொட்டி வேகும் நேரத்தில் உள்ளே உருகிவிடும். எத்தனை எளிது! ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன், விரல் சில்லிட்டது.

இனி நீங்கள் போனால் கேளுங்கள். தேநீரில் போ லே வாங்குங்கள், கொழுப்புக்கு அது நல்ல துணை. பானை காலியானால் யாரையும் கூப்பிட வேண்டாம். மூடியைச் சற்றே திறந்து வைத்தால் வெந்நீர் தானாக வரும். பக்கத்திலிருப்பவர் உங்கள் கோப்பையை நிரப்பினால், இரண்டு விரலால் மேஜையைத் தட்டுவது நன்றி. ஹா காவ் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வாயில் போடுங்கள், ஆறினால் தோல் விறைத்துவிடும். லாவ் சா பாவை மட்டும் அவசரப்பட்டுக் கடிக்காதீர்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, இரண்டாகப் பிட்டு, வழிவதை முதலில் உறிஞ்சிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுங்கள். சட்டை பத்திரம்!