மிண்டன் வாசலும் தோட்டத்துப் பிள்ளையும்



பிறையிலிருந்து பாலம் ஏறிப் பினாங்குத் தீவில் இறங்கியதும் குளுகோர் வட்டாரம் வருகிறது. அங்கே மரங்கள் அடர்ந்த மேட்டு நிலத்தில் பரந்து கிடக்கிறது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும்போது பஸ்ஸில் இருந்தபடியே பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டியிருப்பீர்கள். சுட்டிக்காட்டியதோடு விட்டுவிடலாமா? அந்த வாசலுக்குள் யார் போகிறார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோமே.

ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பட்டாளம் தங்கியிருந்த இடம் இது. மிண்டன் முகாம் என்று பெயர். 1969-ல் நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகமாகப் பினாங்கில் தொடங்கிய கல்விக்கூடம், 1971-ல் இந்த முகாமுக்குக் குடிவந்தது. அந்த 1969-ஐ நம் குடும்பங்களில் மூத்தவர்கள் வேறொன்றுக்காகவும் நினைவில் வைத்திருப்பார்கள். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டத்தால், பல்லாயிரம் பேர் கப்பலேறி ஊர் திரும்பிய காலம் அது. ஒரு பக்கம் கதவு சாத்தப்பட்டபோது, இன்னொரு பக்கம் ஒரு கதவு திறந்தது. திறந்த கதவுக்குள் நம்மில் எத்தனை பேர் நுழைந்தோம் என்பதுதான் கேள்வி.

1971-லேயே இந்தப் பல்கலைக்கழகம் இன்னொரு நல்ல காரியம் செய்தது. வேலையை விடாமல் பட்டம் படிக்கலாம் என்று தொலைக்கல்வியைத் தொடங்கியது. நாட்டில் இதுவே முதல் முயற்சி. பகலில் வேலை, இரவில் புத்தகம் என்று வாழ்ந்தவர்களுக்கும் பட்டம் கிடைக்க வழி பிறந்தது. 2001-ல் பொறியியல் வளாகம் நிபோங் திபாலுக்கு வந்துவிட்டது. ஒரு காலத்தில் கரும்பும் பிறகு ரப்பரும் பயிரிட நம் முன்னோர் உழைத்த செபராங் பிறை மண் அது!

உள்ளே போகும் பிள்ளை முதலில் படிப்பது பாடப் புத்தகத்தை அல்ல, மனிதர்களை. விடுதியில் மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் சரவாக், சபாவிலிருந்து வந்தவர்களும் கூட இருப்பார்கள். பொங்கல் பானை பொங்கும்போது அவர்களும் வந்து நிற்பார்கள். நோன்புப் பெருநாளுக்கு நம் பிள்ளையும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான். தோட்டத்துப் பள்ளியில் தமிழர் முகத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய படிப்பு.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கலைவிழா மேடையில் மூன்று இனத்தாரின் நடனமும் இடம்பெறுவது அழகுதான். அதே அளவுக்கு வகுப்பறையிலும் இடம் இருக்கவேண்டும் அல்லவா? மேடையில் ஒற்றுமை, அனுமதியில் வேற்றுமை என்றால் அது முழு நியாயமாகாது.

நியாயத்துக்காக மாணவர்கள் குரல் கொடுத்த நாளும் உண்டு. 1974-ல் கெடா மாநிலத்துப் பாலிங்கில், ரப்பர் விலை விழுந்து விலைவாசி ஏறியதால் சிறுதோட்டக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். பால்மரத்தை நம்பிய அந்த ஏழைகளுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 1975-ல் பல்கலைக்கழகச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. வளாகத்தில் மாணவர் அரசியல் நடவடிக்கையில் ஈடுபடுவதற்கு இருந்த தடை 2019-ல்தான் நீங்கியது.

இடங்களுக்கு வருவோம். 2002 முதல் பல்கலைக்கழகச் சேர்க்கை தகுதி அடிப்படையில் என்றார்கள். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் மெட்ரிகுலேஷன் வகுப்பில், பூமிபுத்ரா அல்லாதவருக்கு 10 விழுக்காடு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. 2019-ல் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000 ஆனபோதும் அந்தப் பங்கு மாறவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் 10 'ஏ' அல்லது அதற்கு மேல் எடுத்த எந்த இனத்து மாணவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று 2024-ல் அரசாங்கம் அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் ஏழு 'ஏ' எடுத்த தோட்டத்துப் பிள்ளையின் கதி?

அதற்குத்தான் ஆறாம் படிவம் இருக்கிறது. எஸ்.டி.பி.எம். கடினமான பரீட்சை என்று பயந்து ஒதுங்காதீர்கள். அங்கே இன ஒதுக்கீடு கிடையாது. கட்டணமும் நம் கைக்கு எட்டியதுதான். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபின் பணம் இல்லையே என்று கலங்கவும் வேண்டாம். 1997-ல் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடன் உண்டு. ஆனால் அது கடன், இனாம் அல்ல. திருப்பிக் கட்டவேண்டும் என்பதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெற்றோர்களே, "பெண் பிள்ளைக்கு அவ்வளவு தூரத்தில் என்ன படிப்பு?" என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஐந்தாம் படிவத்தோடு நிறுத்தியும் விடாதீர்கள். முடிவு வந்ததும் பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பாருங்கள். எந்தெந்த விண்ணப்பம், எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, வீட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். மதிப்பெண் இருந்தும் தேதி தவறியதால் வாசலிலேயே நின்றுவிட்ட பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கக்கூடாது.