வீட்டு பிளானைப் பார்க்க நமக்கு உரிமை உண்டா?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே!

சில காலத்துக்கு முன் ஒரு தோழர் நம்மைத் தேடி வந்தார். கணவன் மனைவி இருவரும் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறிய பிறகு, சேமநிதிப் பணத்தைப் போட்டு ஒரு பழைய வரிசை வீட்டை வாங்கிக் குடிபோனார்கள். அவர் கையில் ஒரு கடிதம்.

"தலைவரே, இதைக் கொஞ்சம் பாருங்க. வீட்டை இடிக்கச் சொல்றாங்க போல."

படித்துப் பார்த்தோம். அந்த ஊர் மன்றத்திலிருந்து வந்த கடிதம். பின்கட்டில் குசினியும் அதன்மேல் ஓர் அறையும் அனுமதி இல்லாமல் கட்டப்பட்டிருக்கின்றன, அகற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது.

"நான் கட்டலே தலைவரே. வாங்கும்போதே இருந்துச்சே!"

"பிளானைப் பார்த்தீங்களா?"

"கிரான்ல பேரு சரியா இருக்குன்னு லோயர் சொன்னாரு. பிளான்னு ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது."

இங்கேதான் நம்மவர் ஏமாறுகிறார்கள். நிலத்தின் கதை வேறு, கட்டடத்தின் கதை வேறு. நிலப் பத்திரம் நில அலுவலகத்தில் இருக்கிறது. கட்டணம் கட்டினால் அது யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கட்டட பிளான் இருப்பதோ ஊராட்சி மன்றத்தில். அதன் நகலை வழக்கமாக உரிமையாளருக்கோ, அவர் எழுத்தில் சம்மதம் கொடுத்தவருக்கோதான் தருவார்கள். வாங்கப் போகிறவன் வெளியே நிற்கிறான்!

நாம் அந்தத் தோழரோடு போய் நகல் எடுத்தோம். பிளானில் மேல் அறையே இல்லை. 1974ஆம் ஆண்டு சாலை, கால்வாய், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவுப்படி, எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் கட்டவோ மாற்றிக் கட்டவோ கூடாது. கட்டியவன் பணத்தோடு போய்விட்டான். வாங்கியவர் தம் காசிலேயே அறையை இடித்தார். "வெட்டின பால் எல்லாம் தரையில கொட்டின மாதிரி ஆச்சு" என்றார் அவர் மனைவி.

இது ஓர் அறையோடு போன கதை. உயிரோடு போன கதைகளும் உண்டு. 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் மாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். அந்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. கட்டடம் சரிவதற்கு முன் நடந்தவற்றுக்கு ஊராட்சி மன்றத்தின் மீது பொறுப்புச் சுமத்த முடியாது, அதே 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பாதுகாப்புத் தருகிறது என்று 2006இல் தீர்ப்பானது. நம் பினாங்கில் 2017 அக்டோபர் 21இல் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்து போனார்கள். பிறகு வழக்குப் போட்டு என்ன பயன்? முன்கூட்டியே தாளைப் பார்க்கும் உரிமைதான் ஏழைக்குக் காவல்.

கம்போங் புவா பாலாவை நம்மில் யார் மறப்பார்? குளுகோரில் பிரவுன் குடும்பத்தாரின் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்த மக்கள், மாடு கன்றுகளோடு வாழ்ந்த இடம். அந்த நிலம் தங்கள் முன்னோருக்கென்று விட்டுச் செல்லப்பட்டது என்றார்கள். நீதிமன்றத்தில் அது நிலைக்கவில்லை. 2009இல் வீடுகள் தரைமட்டமாயின. அங்கே விவகாரம் நிலத்தைப் பற்றியது என்றாலும் பாடம் ஒன்றுதான்: வாய்ச்சொல் பாட்டன் காலத்தோடு போகும், தாள்தான் நிற்கும்.

இப்போது ஒரு வழி இருக்கிறது. பினாங்கு சட்டமன்றம் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. 2015 ஜனவரி 1 முதல் அது நடப்பில் உள்ளது. மாநில இலாகாக்களோடு ஊராட்சி மன்றங்களும் அதற்குள் அடங்கும். தீவில் இருப்பவர்கள் மாநகர் மன்றத்திடமும், அக்கரையில் இருப்பவர்கள் செபராங் பிறை மாநகர் மன்றத்திடமும் மனுச் செய்யலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று எழுத வேண்டும், கட்டணமும் உண்டு. மறுத்தால் மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. ஆனால் 1972ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டத்தின்கீழ் இரகசியம் என்று முத்திரை குத்திய தாளை மாநிலச் சட்டம் திறக்காது. கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

ஆகவே தோழர்களே, வீடு வாங்குமுன் நான்கு காரியம் செய்யுங்கள்.

ஒன்று: முன்பணம் கொடுக்குமுன், பிளான் நகல் எடுக்க விற்பவரிடம் எழுத்தில் சம்மதம் கேளுங்கள். தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

இரண்டு: குடிபுகும் தகுதிச் சான்றிதழைக் கேளுங்கள். பழைய வீடானால் மன்றம் கொடுத்த சி.எஃப்.; 2007 ஏப்ரலுக்குப் பின் வந்த முறைப்படியானால் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கையெழுத்திட்ட சி.சி.சி.

மூன்று: பிளானைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். தாளில் இல்லாத சுவர் எது என்று பாருங்கள்.

நான்கு: பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டப் போவதாக அறிவிப்பு வந்தால் குப்பையில் போடாதீர்கள். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, பக்கத்து நில உரிமையாளர் 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம்.

இன்னும் தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு 1990ஆம் ஆண்டு வீடமைப்புத் தரச் சட்டம் இருக்கிறது. ஒழுகும் கூரைக்குத் தொழிலாளர் இலாகாவிடம் புகார் செய்யலாம்.

வரி கட்டுகிறவன் கேள்வி கேட்கலாம். மலாய் மொழியில் மனு எழுதத் தெரியவில்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் நம் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்தே எழுதுவோம். தாளைப் பார்த்த பிறகு பணத்தை எண்ணுங்கள்!