கொடைக்கானலுக்கு நாயுடன் டூர் போறீங்களா? இதையெல்லாம் கவனிங்க!

கொடைக்கானல்,

மலைகளின் இளவரசியான கொடைக்கானலுக்கு குடும்பத்தோடு வருபவர்களில் பலர் வளர்ப்பு நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வீட்டில் தனியாக விட்டு வர மனசு கேட்பதில்லை. ஆனால் சில விஷயங்கள் தெரியாமல் வந்தால் அந்த வாயில்லா ஜீவனின் உயிருக்கே ஆபத்தாகி விடும்.

காருக்குள் பூட்டாதீங்க

வத்தலக்குண்டில் சாப்பிட இறங்கும்போது நாயை காருக்குள் வைத்து பூட்டி விடுகிறார்கள். இதுதான் பெரிய தப்பு. வெளியே 30 டிகிரி வெயில் இருந்தாலே பூட்டிய காருக்குள் 10 நிமிடத்தில் 40 டிகிரியை தொட்டு விடும். கண்ணாடியை கொஞ்சம் இறக்கி விட்டாலும் பிரயோஜனம் இல்லை. நாய்க்கு நம்மை போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். ஆகவே ஒருவர் சாப்பிட போனால் இன்னொருவர் நாயுடன் நிழலில் நிற்க வேண்டும்.

தார் ரோட்டில் இறக்கும் முன்பு புறங்கையை 7 வினாடி ரோட்டில் வைத்து பாருங்கள். கை சுட்டால் நாயின் பாதமும் வெந்து விடும்.

மலைப்பாதையில் வாந்தி

கொண்டை ஊசி வளைவுகளில் நாய்க்கும் குமட்டும். புறப்படுவதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்து விட வேண்டும். தண்ணீர் மட்டும் அவ்வப்போது கொடுக்கலாம். வெள்ளி நீர்வீழ்ச்சி பகுதியில் குரங்குகள் அதிகம். அங்கு நாயை இறக்காமல் இருப்பதே நல்லது.

எங்கே நடக்கலாம்?

1863-ம் ஆண்டு உருவாக்கப்பட்ட ஏரியை சுற்றியுள்ள சாலை சுமார் 5 கிலோ மீட்டர் நீளம் கொண்டது. கூட்டம் சேரும் முன்பு காலையிலேயே நடந்து விடலாம். பிறகு சவாரி குதிரைகள் வந்து விடும். நாய் குரைத்து குதிரை மிரண்டால் மேலே இருக்கும் குழந்தை கீழே விழும். சங்கிலியை கையை விட்டு விடக்கூடாது.

காட்டெருமை ஜாக்கிரதை

கொடைக்கானல் நகருக்குள்ளேயே காட்டெருமைகள் நடமாடுகின்றன. நாய் குரைத்தால் அது மிரண்டு பாயும். பயந்த நாய் ஓடி வருவது எஜமானிடம்தான். பின்னாலேயே காட்டெருமையும் வரும். தூரத்தில் பார்த்ததுமே திரும்பி விட வேண்டும். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை என்பதால் இரவில் விடுதி வாசலில் கட்டிப் போடக்கூடாது.

பேரிஜம் போன்ற வனப்பகுதிக்கு நாயை கொண்டு போகாதீர்கள். நாய்களிடம் இருந்து வெறிநோய், டிஸ்டெம்பர் போன்றவை செந்நாய் உள்ளிட்ட காட்டு விலங்குகளுக்கு பரவி விடும்.

ரெயிலில் வருபவர்களுக்கு

கொடைரோடு வரை ரெயிலில் வருபவர்கள் முதல் வகுப்பில் 2 அல்லது 4 படுக்கை கொண்ட அறையை முழுவதுமாக முன்பதிவு செய்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும். இல்லாவிட்டால் பார்சல் அலுவலகத்தில் பணம் கட்டி, கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் ஏற்ற வேண்டும். சிலீப்பர் பெட்டியில் அனுமதி கிடையாது.

வெறிநாய் தடுப்பூசி போட்ட சான்றிதழை கையில் வைத்திருங்கள். நாய்க்கு இடம் தருவார்களா என்று விடுதிக்கு முன்கூட்டியே போன் செய்து கேட்டு விடுங்கள். ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024-ம் ஆண்டு மே 7-ந்தேதி முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை கொண்டு வரப்பட்டது. கிளம்பும் முன்பு அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.